கடைசி முறம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், அதில் ஒன்று என் தங்கை பெற்றது. ஐந்தும் வளர்ந்தது கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான் செய்த வேலையில்தான்.

ஜூ டவுன் என்கிற யூதர் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கிடங்கு. சுண்ணாம்பு பூசி உலர்த்திய சுக்கைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பூசணத் துண்டுகளை நீக்கிப் பொறுக்குவோம். சுண்ணாம்பும் வெள்ளை, பூசணமும் வெள்ளை. துண்டு துண்டாகப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எல்லோரும் பொறுக்கியது கடைசியாக ஒரு முறத்துக்கு வரும். வாசல் வெளிச்சத்தில் இருக்கும் அந்த முறம் பதினெட்டு வருஷமாக என்னுடையது. அதைத் தாண்டினால் நேரே சாக்குதான்.

போன வருஷம் மழை விட்ட சமயம். ஒருநாள் சாயா குடித்துவிட்டுச் சீக்கிரம் திரும்பினேன். என் பக்கத்தில் உட்காருகிறவள், இருபது வயது இளையவள், நான் பார்த்து முடித்த சுக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஏழெட்டுப் பூசணத் துண்டுகள்.

"எத்தன நாளா?"

"ஓணத்துக்கு முன்னாடி இருந்தே, அக்கா."

"மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உங்கள இங்க விட்டு வைப்பாரா? பேசாம உக்காருங்க."

கண்ணில் புரை என்று நினைத்து மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று மூளை டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். என்னென்னவோ சோதித்தாள்.

"தப்பு வர்றது காலையிலயா அம்மே, மத்தியானத்துக்கு மேலயா?"

யோசித்தேன். மத்தியானத்துக்கு மேல்தான்.

மூளையின் அடித்தண்டில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறதாம். அங்கிருந்து மெல்லிய நரம்பிழைகள் மூளை முழுக்கப் போகுமாம். அவற்றின் முனையில் ஊறும் நோரட்ரினலின் என்ற ரசம்தான் 'கவனி, இதைப் பார்' என்று மூளையை உசுப்புகிறது. வயதானால் சில முனைகள் பட்டுப்போகும். மிச்சமிருக்கும் இழைகள் கிளைவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். ஆனாலும் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கவனம் சீக்கிரம் களைத்துவிடும் என்றாள்.

"அப்ப புத்தி கெட்டுப்போச்சா?"

"இல்ல அம்மே. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் வர்றதுதான்."

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இன்னொருத்தி பொறுக்க, பெயர் மட்டும் எனக்கு. மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் நானே போனேன்.

"மத்தியானத்துக்கு மேல என் முறத்த நம்பாதீங்க. அப்புறம் என் பக்கத்துல உக்கார்றவ பாக்கட்டும்."

"தோத்தேன்னு சேச்சி வாயால இப்பத்தான் கேக்குறேன்."

"தோத்தேன்னு யாரு சொன்னா? பாதி நாள்னுதான் சொன்னேன்."

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். மத்தியானம் அவள் என் பலகையில் உட்காரத் தயங்கினாள்.

"உக்காருடி. பலகை கடிக்காது."

இந்தக் கதையை மூன்று நாள், காலையில் மட்டும் எழுதினேன். பேத்தி மலையாளம் படிக்கிறவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளைக் கூப்பிட்டேன்.

"வாய்விட்டுப் படி. மெதுவாப் படி. எங்கயாவது தப்பு விட்டிருந்தேன்னா நிறுத்திச் சொல்லு."