விற்றவள் வாங்கப் போனாள்

வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்த வேலையும் சின்ன வங்கியில். சேமிப்பு, கடன் என்று ஜனங்கள் வந்து போகிற வங்கி இல்லை. கம்பெனியை விற்க நினைக்கும் முதலாளிக்கு ஆள் பார்த்து, விலை பேசி முடித்துக் கொடுக்கிற முதலீட்டு வங்கி. பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில், மொத்தமே ஒன்பது பேர். அக்கா செய்ததும் அதே வேலைதான். ஆனால் ஊரறிந்த பெரிய வங்கியில்.

இருவருக்கும் ஒரே ஆசை. விற்றுக் கொடுத்தது போதும். கம்பெனிகளை வாங்கி, சில வருஷம் நடத்தி வளர்க்கிற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அக்காவுக்கு வேலைக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஏஜென்டுகள் தாங்களாகவே போன் செய்தார்கள், வேலையும் கிடைத்தது. சின்னவள் அதே ஏஜென்டுகளில் ஒருவரைத் தேடிப் போனாள். அவர் அவளுடைய வங்கியின் பெயரை இரண்டு தரம் கேட்டுவிட்டு, முதலில் பெரிய இடம் ஒன்றில் இருந்துவிட்டு வரச் சொன்னார்.

தன் புது மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று அக்கா கேட்டாள்.

"சிபாரிசு வேண்டாம்க்கா. அந்தக் கடன் கணக்கை மட்டும் சொல்லிக்கொடு. எங்க ஆபீஸ்ல அது வர்றதே இல்ல."

கடன் வாங்கி ஒரு கம்பெனியை வாங்கினால் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போடுவது பெரிய வங்கிகளில் அன்றாட வேலை. சின்ன வங்கியில் கம்பெனியை விற்க வந்த முதலாளியின் எதிரே உட்கார்ந்து, அவர் மகன் ஏன் தொழிலுக்கு வரவில்லை என்ற கதையையும் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. அக்காவுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவள் குரல் ஏறத் தொடங்கியதும் அத்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவார். சின்னவள் எதிர்த்துப் பேசாமல், போட்டதை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவாள்.

ஏஜென்டுகளைத் தலைமுழுகிவிட்டு, நேராகவே ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றை அவள் விற்றபோது, வாங்க வந்து, விலை படியாமல் எழுந்து போனவர்கள் அவர்கள். அந்த நிறுவனத்தின் தலைவி அளந்து பேசுகிற பெண்மணி.

"விலையில இறங்க மாட்டேன்னு உங்களைத் திருப்பி அனுப்பினது நான்தான் மேடம்."

"நல்லா ஞாபகம் இருக்கு. வாங்க."

பெரிய வங்கிகளிலிருந்து வந்த மூன்று பேரோடு பரீட்சை எழுதினாள். கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையின் வரவு செலவு. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், அவளுக்குக் கடைசிப் பக்கம் பாக்கி நின்றது. பிறகு தலைவி ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அந்தத் தொழிற்சாலை முதலாளியிடம் முதலில் என்ன கேட்பாய் என்றார்.

"நீங்க ஒரு மாசம் படுத்துட்டா இங்க யார் முடிவெடுப்பாங்கன்னு கேட்பேன். அவர் போனா நின்னுடற கம்பெனின்னா, இந்தக் கணக்கு எதுக்கும் உதவாது."

வேலை கிடைத்தது. ஆனால் ஒரு படி கீழே, அவளைவிட இளையவர்களோடு. கணக்கில் இன்னும் கை பழக வேண்டும் என்று தலைவி ஒளிக்காமல் சொன்னார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, இறங்கிப் போகாதே என்றாள்.

"கீழ்ப் படியானாலும் நான் ஏற நினைச்ச வீட்டுப் படிதான்க்கா."

அந்தப் படி ஏற இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் பொறுப்பில் வாங்கிய முதல் கம்பெனி லிஃப்ட் பழுது பார்ப்பது. முதல் வருஷமே நஷ்டம். வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று தலைவி கேட்டார். இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்றாள் சின்னவள். கொடுத்தார்கள். மெக்கானிக்குகளின் வண்டியில் ஏறிக் கட்டடம் கட்டடமாக அலைந்து, பணம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து அடைத்தாள். நஷ்டம் நின்றது. போன வாரம் புதிதாக எட்டு மெக்கானிக்குகளை வேலைக்கு எடுத்திருக்கிறாள்.