வெள்ளத்தாய் துடைக்காத தகரங்கள்

வெள்ளத்தாய் அக்கா போய்விட்டார் என்று இடைசெவலிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது நான் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தேன். மூச்சுத்திணறல் என்றாள். இறுதிச் சடங்குக்குப் போனேன். எங்கள் பழைய முதலாளி பெரிய மாலையோடு வந்திருந்தார். "தங்கமான பொம்பள. நம்ம பட்டறையில வளந்தவ" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பட்டறையில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு நடந்தது பாதிதான் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் குளிர்பதன அறைகளுக்குச் சுவர்ப் பலகைகள் செய்தோம். இரண்டு தகரங்களை இடைவெளி விட்டு அச்சில் நிறுத்தி, நடுவில் ரசாயனக் கலவையை ஊற்றுவோம். அது நுரைத்துப் பொங்கி, இறுகி, தகரத்தைப் பற்றிக்கொள்ளும். ஊற்றுவது என் வேலை. அதற்கு முன் தகரத்தின் உள்முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைப்பது அக்காவின் வேலை. அதை யாரும் ஒரு வேலையாகவே மதிக்கவில்லை.

ஒருநாள், பழுதென்று ஒதுக்கிப்போட்ட பலகை ஒன்றை அக்கா உளியால் பிளந்து காட்டினார். தகரத்தில் நுரை திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. "இந்தா பாரு தம்பி, நுரை கிழிஞ்சாலும் தகரத்த விடல. இதான் வேலை. வெறுந்தகரமா கழண்டு வந்தா நாம ஏமாத்துதோம்னு அர்த்தம்."

முகமூடி கேட்டார். முதலாளி சிரித்தார். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் அத்தனை வருடமும் தின்னரோடு கிடந்தார். மகள் மூச்சுத்திணறல் என்றபோது எனக்கு வேறு எந்தக் காரணமும் தோன்றவில்லை.

விளாத்திகுளத்தில் மிளகாய் விவசாயிகள் சிலர் சேர்ந்து குளிர்பதன அறை ஒன்று கட்டினார்கள். வத்தல் வருவதற்குள் முடிக்க வேண்டும். முதலாளி அவசரப்பட்டார்.

"துடைச்சது போதும். அப்படியே அச்சுல ஏத்துங்க."

"மொதலாளி, தகரம் மில்லுலருந்து வந்த எண்ணெய் அப்படியே இருக்கு. இன்னைக்கு ஒட்டுன மாதிரி இருக்கும். நாலு வெயிலு பாத்தா விட்டுரும்."

"நீ என்ன இஞ்சினியராட்டி? தள்ளி நில்லு."

அவர் தள்ளி நின்றார். நான் ஊற்றினேன்.

கோடை முடிவதற்குள் பலகைகள் உப்பின. இடுக்குகளில் ஈரம் கோத்து, வத்தல் மூட்டைகள் பூசணம் பிடித்தன. விவசாயிகள் பட்டறைக்கே வந்து கேட்டார்கள். முதலாளி அக்காவைக் கைகாட்டினார்: "இவ ஒழுங்கா துடைக்கல." அக்கா என்னைப் பார்த்தார். நான் கலவை ஊற்றும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிராமல் கழுவிக்கொண்டே இருந்தேன். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் அவர் தனியாகப் பஸ் ஏறி விளாத்திகுளம் போனார். விவசாயிகள் முன்னால் ஒரு பலகையின் தகரத்தைப் பிடித்து இழுத்தார். வெறும் தகரம் கையோடு வந்தது. அதன் உள்முகத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் படிந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார். "நான் துடைக்காம விடல. என்னைத் துடைக்க விடல" என்றாராம். அவர்கள் அந்தத் துணியோடு பட்டறைக்குத் திரும்பி வந்தார்கள். முதலாளி எல்லாப் பலகைகளையும் மாற்றிக் கொடுத்தார். அக்காவை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு பட்டறைகளிலும் அவரைச் சேர்க்க விடவில்லை. கடைசிவரை அவர் தீப்பெட்டி ஒட்டினார்.

சில வருடம் கழித்து, கடம்பூர் பஸ்ஸுக்காக நின்ற அக்காவைப் பார்த்தேன். என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி, "அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

முதலாளி மேல் எனக்கிருக்கும் கோபத்துக்குக் குறையாத கோபம் என் மேலும் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது படியில் நின்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. அவர் மன்னித்திருப்பார் என்று ஆறுதல் சொல்ல யாரும் என்னிடம் வர வேண்டாம்.