வாஸ்கிதோவின் வெயில் வாத்தியம்

யோக்யகர்த்தாவின் தென்கோடியில், எங்கள் சந்தில், வாஸ்கிதோவின் வாத்தியத்தைக் கேட்ட எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வித்தியாசமா இருக்கு." ஜாவாக்காரர் ஒருவர் முகம் மலர்ந்து இப்படிச் சொன்னால், போதும் நிறுத்து என்று பொருள். வாஸ்கிதோவும் ஜாவாக்காரன்தான், அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு, இன்னொரு தரம் வாசித்துக் காட்டுவான்.

வாத்தியம் என்றால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சோப்பு டப்பா. மூடியில் வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்கள், பக்கவாட்டில் பித்தளைத் திருகாணிகள், உள்ளே பேட்டரி. வெயில் விழுந்தால் சத்தம் கீச்சென்று மேலே ஏறும். கையால் மறைத்தால் உறுமிக்கொண்டே இறங்கும். திருகாணியைத் தொட்டால் நடுங்கும், விக்கும். வியர்த்த விரலுக்கு ஒரு குரல், காய்ந்த விரலுக்கு ஒரு குரல். ஒலிபெருக்கி வாடகைக் கடையில் அறுந்த வயர்களுக்கு ஈயம் வைத்துப் பிழைக்கிறவன், அவனே செய்துகொண்டது. இப்படி டப்பா வைத்திருக்கும் கூட்டம் ஒன்று ஊரில் உண்டு. அவ்வப்போது கூடிக் கச்சேரி நடத்துவார்கள். கேட்க வந்தவர்கள் எல்லோருமே அடுத்து வாசிக்கக் காத்திருப்பவர்கள் என்பதால் கைதட்டலுக்குக் குறைவே இருக்காது.

அந்தக் கைதட்டல் வாஸ்கிதோவுக்குப் போதவில்லை. அவன் குடியிருந்தது மாமனார் மர்தோயோவின் வீட்டில்; பெரியவர் என்பதால் மரியாதைக்கு எல்லோரும் அவரை 'பாக்' என்பார்கள். அந்த மனுஷர் ஒரு நாளாவது எழுந்து போகாமல் உட்கார்ந்து, ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். அவனுக்கு இருந்த ஆசையெல்லாம் இதுதான்.

மர்தோயோவுக்கு நேரமேது? அவரிடம் ராடென் இருந்தது. ராடென் ஒரு சோலைபாடிப் பறவை, அந்த வீட்டில் பிரபுப் பட்டம் பெற்ற ஒரே ஜீவன். காலையில் அதற்குக் குளியல், பிறகு வெயில் காய்தல், பிறகு உயிருள்ள வெட்டுக்கிளி. பறவைகளின் பாட்டுப் போட்டியில் ஜெயிக்க வேண்டுமானால் பறவை பல குரல் பாட வேண்டும். மீன்கொத்தியின் குரலையும் கொண்டைக்குருவியின் குரலையும் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பாடம் நடத்தினார். கண்ட சத்தமும் காதில் விழுந்தால் பறவை அதையும் பிடித்துக்கொள்ளும், மார்க்கு போய்விடும். அதற்காகவே பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சுகளை நாடு கடத்த வைத்தவர் அவர்.

ஆனால் மாப்பிள்ளையை எங்கே நாடு கடத்துவது? ராடெனுக்கும் டப்பாவுக்கும் வேண்டியது அதே முற்றத்து இளவெயில்.

"வெயில்ல ரொம்ப நின்னா உடம்புக்கு ஆகாது, வாஸ். உள்ள போய்க் காப்பி குடியேன்," என்பார் மாமனார்.

"பரவாயில்ல, பாக். எனக்குப் பழகிடுச்சு," என்பான் மாப்பிள்ளை.

முகத்துக்கு நேரே 'நிறுத்து' என்று சொல்கிற மரியாதைகெட்ட வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதனால் இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தே காரியத்தைக் கெடுத்தார்கள்.

போட்டிக்குச் சில நாள் முன்பு, மாமனார் சந்தைக்குப் போயிருந்த காலையில், முற்றத்தில் டப்பாவின் சத்தம் கேட்டது. உறுமல், அப்புறம் கீச்சு, அப்புறம் விக்கல். டப்பாவோ வாஸ்கிதோவின் சட்டைப்பையில் அணைந்து கிடந்தது. கூண்டுக்குள் ராடென் வாலை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாடிற்று.

அவன் மனைவி பிரதிவி கரண்டியோடு ஓடிவந்தாள். கோபத்திலும் புருஷனை 'மாஸ்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க, மாஸ்!"

"நான் என்ன பண்ணேன்? அதுவாக் கத்துக்கிச்சு."

"மனுஷங்க ஒருத்தரும் கத்துக்கல, அது கத்துக்கிச்சாக்கும்! போட்டியில அது இதைப் பாடட்டும், அன்னைக்கே அந்த டப்பாவைக் கெணத்துல போடறேனா இல்லையா பாருங்க."

சொன்னால் செய்கிறவள் அவள். மாமனாரிடம் சொல்லிவிடலாம் என்று வாஸ்கிதோ பல முறை வாயெடுத்தான். ஒவ்வொரு முறையும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் கூண்டுகள் வரிசையாகத் தொங்கின. வேலிக்கு வெளியே சொந்தக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நடுவர்கள் கையில் சின்னக் கொடிகளோடு கூண்டு கூண்டாக நடந்தார்கள். ராடென் மீன்கொத்தியைப் பாடிற்று, கொண்டைக்குருவியைப் பாடிற்று. பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு வாஸ்கிதோவின் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாடிற்று. மர்தோயோவின் முகம் வெளுத்தது. வாஸ்கிதோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்தபோது நடுவர்கள் மூன்று பேரும் ராடெனின் கூண்டடியில் நின்றிருந்தார்கள். முதல் பரிசுக் கொடி அங்கேதான் நடப்பட்டது.

"இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல, பாக்," என்றார் தலைமை நடுவர். "இது எந்தப் பறவைகிட்ட கத்துக்கிட்டது?"

மர்தோயோ ஒரு கணமும் யோசிக்கவில்லை. "காலிமந்தான்ல, உள்காட்டுப் பறவை. பேரெல்லாம் சொல்ல மாட்டேன், ரகசியம்."

அந்தக் காட்டுப் பறவை அவருக்குப் பக்கத்திலேயே, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் மர்தோயோ முற்றத்தில் நாற்காலி போட்டார். கூண்டை எதிரே மாட்டினார். "வாசி, வாஸ்," என்றார்.

வாஸ்கிதோ வாசித்தான். அவர் எழுந்து போகவில்லை. காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் கடைசி வரை கேட்டார். வாழ்க்கையில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாஸ்கிதோ நிஜமாகவே நினைத்தான்.

"நடுவுல தப்பு விடறே," என்றார் மாமனார்.

"எங்க, பாக்?"

"உறுமி முடிச்சதும் கடகடன்னு மேல போயிடறே. ராடென் அங்க கொஞ்சம் நிறுத்தும். நீ இப்படித் தப்பா வாசிச்சா, அது கத்துக்கிட்டதும் கெட்டுப்போயிடும்."

"இது என் பாட்டு, பாக்." பெரியவர் ஒருவரை முகத்துக்கு நேரே அவன் மறுத்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும். நிறுத்தி வாசி."

கோபத்தோடுதான் வாசித்தான். உள்ளங்கையால் வெயிலை மூடி, ஒரு மூச்சு பொறுத்து, மெல்லத் திறந்தான். நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இப்பத்தான் பாட்டு மாதிரி இருக்கு. இல்லையா?" என்று மர்தோயோ பறவையிடம் கேட்டார்.