வலது இண்டிகேட்டர்

ஒட்டிலி ஹாமஸ் கார் வாங்கிய கதையை ஆடனாவ் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் எல்லாரும் பாதியிலிருந்துதான் சொல்வார்கள். முழுக்கதையும் தெரிந்தவன் நான். அந்தக் காருக்கு டயர் மாட்டியவன் நான், பிரேக் பார்த்தவன் நான், கடைசியில் அதன் பின்சீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்தவனும் நான்தான். இந்தக் கதையில் இரண்டு பேருக்குச் செருப்படி விழுந்தது. அதில் ஒருவன் எல்மர். இன்னொருவன் நான்.

ஒட்டிலி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மலைக் கிராமங்களில் பதினான்கு வீடு ஏறி இறங்குவாள். கணவன் அன்ஸ்கர் வாரம் முழுக்க லாரியில் வெளியூர். மூன்று பிள்ளைகள், எப்போதும் நனைந்தே இருக்கும் ஒரு நாய். நல்ல பெண். ஆனால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் ரோல்மோப்ஸ். காடியில் ஊறவைத்துச் சுருட்டி, குச்சி குத்திய மீன். வருடா வருடம் திருவிழாவின்போது அவள் வாசலில் யாராவது அந்த மீன் ஜாடி ஒன்றை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஏனென்றால் பத்தொன்பது வயதில் அவள் அப்பாவின் பச்சைக் காரை வளையத்தில் உருட்டினாள்.

வளையம் என்பது எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் ஓடும் ரேஸ் பாதை. இருபது கிலோமீட்டர். டிக்கெட் எடுத்தால் பால்காரன்கூட ஓட்டலாம். அதில் ப்ருன்ஷென் என்ற வளைவில்தான் அந்தக் கார் மூன்று குட்டிக்கரணம் போட்டது.

போட வைத்தது ஒட்டிலி அல்ல. அவளுடைய அண்ணன் எல்மர். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அன்று அக்டோபர் மழை, வேலியோரம் ஒரு ஈ காக்கை இல்லை. காவல் வண்டி வருவதற்குள் எல்மர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். "ஒட்டி, திங்கக்கிழமை நான் டிரைவிங் பயிற்சியாளரா வேலையில சேரணும். இது தெரிஞ்சா வேலை போச்சு. நீ ஓட்டினேன்னு சொல்லு. ஒரே வாரம். அப்புறம் அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவன் பயிற்சியாளரானான், போர்ஷே வாங்கினான், வளையத்தின் ராஜா ஆனான். அப்பா அதற்குப் பிறகு ஒட்டிலியிடம் சாவி தரவே இல்லை. கடைசிக் காலத்தில் அவள்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டே வருவாராம். சாகிறவரை அந்தக் கைப்பிடியை அவர் விடவில்லை. அவளும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? சாட்சி ஒன்று வேண்டாமா?

அவரை அடக்கம் செய்த அன்றைக்குத்தான் எல்லாம் ஆரம்பித்தது. கல்லறையிலிருந்து திரும்பி விடுதிக் கூடத்தில் காப்பியும் கேக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எல்மர் எழுந்து நின்றான்.

"எங்கப்பாவுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு வருத்தம்தான். அந்தப் பச்சைக் காரை நம்ம ரோல்மோப்ஸ் உருட்டிட்டா! மத்தபடி மனுஷன் நிம்மதியாத்தான் போனாரு."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன். ஒட்டிலி தன் தட்டில் இருந்த கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து என் பட்டறைக்கு வந்தாள்.

"பெர்ட்டோல்டு, எனக்கு ஒரு கார் பாத்துக் குடுங்க. பிள்ளைங்க போகணும், நாய் போகணும், என் மருந்துப் பெட்டி போகணும். வளையத்துலயும் ஓடணும்."

"எதுல ஓடணும்?"

"காது கேக்கலயா? வளையத்துல."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "ஏம்மா, மூணு பிள்ளை பெத்தவளுக்கு இப்ப எதுக்கு இந்த விபரீத ஆசை?"

"பெத்தா கால் பெடலுக்கு எட்டாதா?"

சரி, ஆசைப்படுகிறாள் என்று சின்னக் கார் ஒன்றைக் காட்டினேன். இரண்டே கதவு, வெல்லக்கட்டி மாதிரி கார், வளைவில் குரங்காகத் தாவும். கதவைத் திறந்து பின்சீட்டைப் பார்த்தாள், மூடினாள். "வேண்டாம்." இன்னொன்று, நல்ல பலமான எஞ்சின். அதிலும் முன்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பின்சீட்டு. என்னையும் என் மனைவியையும் தபால்காரரையும் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். முட்டி இடிக்கிறதா, தலை இடிக்கிறதா, வெளியே முன்னால் போகிற வண்டி தெரிகிறதா என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டாள்.

"உன் பிள்ளைங்க எலிக்குட்டி சைஸு. எதுக்கு மூணு தடியன்களை உக்கார வச்சுப் பாக்குற?"

"வளருவாங்கல்ல."

கடைசியில் பிடித்தது எட்டு வருடம் ஓடிய சாம்பல் நிற ஸ்கோடா, பின்பக்கம் நீண்ட ரகம். இழவு வீட்டுக்குப் போகிற கார் மாதிரி இருக்கும். ஆனால் அடியில் நல்ல எஞ்சின், கையால் மாற்றும் கியர், டிக்கியில் ஒரு கன்றுக்குட்டியே படுக்கலாம். குதிரைசக்தியை ஏற்ற வேண்டாம் என்றாள். பிரேக்கை மட்டும் நல்லதாக மாற்றச் சொன்னாள், மழையில் ஒட்டுகிற டயர் போடச் சொன்னாள். "நேர்ரோட்டுல எவன் வேணாலும் பறப்பான். வளைவுலதான் யாருன்னு தெரியும்" என்றாள். அதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

இரண்டு சீசன் ஓட்டினாள். வேலை முடிந்த மாலைகளில், அதுவும் மழை நாளாகப் பார்த்து. வெயிலடித்தால் வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள். மழை வந்தால் வளையத்தின் டிக்கெட் வாசலில் நிற்பாள். ஒருநாள் பிரேக் பார்க்கக் கதவைத் திறந்தால், முன்சீட்டிலும் பின்சீட்டிலும் தோட்டத்து மண் மூட்டைகள், சீட் பெல்ட் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இவங்க யாரு, சொந்தக்காரங்களா?"

"ஆமா. வாய் பேசாத சொந்தம். அதான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

எங்கள் கெகல் கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாளெல்லாம் பந்தை உருட்டி ஒன்பது கட்டையைச் சாய்த்துக்கொண்டு பீர் குடிப்போம். செப்டம்பர் கடைசி ஞாயிறு மட்டும் எல்லாரும் காரில் ஒரு சுற்று வருவோம், பிறகு பிளம் கேக். எல்மர்தான் எப்போதும் முதல் வண்டி. வளையத்தில் சட்டம் ஒன்று: பின்னால் வேகமானவன் வந்தால் முன்னால் இருப்பவன் வலது இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்க வேண்டும். இடப்பக்கமாக மட்டுமே தாண்டலாம். "நீ போப்பா ராசா" என்று ஒப்புக்கொள்கிற விளக்கு அது. எல்மர் என்னிடம் சர்வீசுக்கு வரும்போதெல்லாம் பீற்றுவான்: "என் வலது பல்பை மட்டும் பாக்காதீங்க பெர்ட்டோல்டு. பதினெட்டு வருஷமா வளையத்துல எரிஞ்சதே இல்ல."

அந்த ஞாயிறு காலையிலிருந்தே தூறல். ஒட்டிலி தன் காரில் ஆள் ஏற்றினாள். முன்சீட்டில் அம்மா வால்பூர்கா. பின்னால் எல்மரின் மனைவி சீக்ருன், நான், பேக்கரிக்கார ட்ரூடல். ட்ரூடலிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ரொட்டி வேகுமுன் ஊர் முழுக்கப் போய்விடும். எல்மரின் காரில் இரண்டே சீட், அதில் கிளப் தலைவர் ஏறிக்கொண்டார்.

அவன் ஜன்னலை இறக்கினான். "என்னடி ரோல்மோப்ஸ், வேனா ஓட்டுற? அம்மாவைத் திருப்பிப் போட்டுடாதே!"

"நீ முன்னாடி போ எல்மர். நான் பின்னாடியே வர்றேன்" என்றாள்.

வால்பூர்கா கிளம்பும் முன்பே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். செத்துப்போனவர் பிடித்த அதே பிடி.

ஆத்தாடி, அவள் ஓட்டினதை எப்படிச் சொல்ல! ஒரு உலுக்கல் இல்லை, டயர் ஒருமுறை கத்தவில்லை. ஐந்து ஆள் பாரத்தோடு அந்த இழவுக் கார் மழையில் வழுக்கிக்கொண்டு போகவில்லை, நடந்து போனது. நேர்ரோட்டில் போர்ஷே தூரமாகும், ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் வரும். மண் மூட்டைக்கு எதற்குப் பெல்ட் போட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூட்டைகள் நாங்கள்தான்.

ப்ருன்ஷென் வருமுன் அவள் வாயைத் திறந்தாள். குரல் ஊசி போடும் நர்சின் குரல்.

"அம்மா, முன்னாடி பாருங்க. ட்ரூடல், நல்லாப் பாத்துக்கோங்க. அந்த வெள்ளைப் பலகைகிட்ட அவன் பிரேக்கை மிதிப்பான். அங்க ஒருத்தனும் மிதிக்க மாட்டான். ரெண்டு வருஷமா வேலியோரம் நின்னு எண்ணியிருக்கேன். ஒருதடவைகூட தப்பலை."

வெள்ளைப் பலகை வந்தது. போர்ஷேயின் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. முதல் நாள் வண்டி பழகுகிறவன் மாதிரி அந்த ராஜா தடவித் தடவிப் போனான்.

"அன்னைக்கு நான் பக்கத்து சீட்டுல இருந்தேம்மா. எனக்கு இந்த வளைவு பயமில்லை. ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தவனுக்குத்தான் பயம்."

என் வலப்பக்கம் இருந்த சீக்ருன் முன்சீட்டை நோக்கிச் சாய்ந்தாள்.

"அவரு தூக்கத்துல கத்துவாரு" என்றாள். "கல்யாணமான நாள்லேர்ந்து. காலை உதைச்சுக்கிட்டு, 'ஒட்டி, கெட்டியாப் பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ'ன்னு. தங்கச்சி மேல எவ்வளவு பாசம்னு நான் நெனச்சேன்…"

"அதை ஓட்டுறவன்தானே சொல்லுவான்" என்றாள் ட்ரூடல். வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில் சொன்னாள்.

ஒட்டிலி எண்ணி வைத்திருந்தது வெள்ளைப் பலகை ஒன்றைத்தான். இந்தத் தூக்கத்துக் கத்தல் அவளுக்கும் தெரியாது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், ஒரே ஒரு கணம் கண்ணை இமைத்தாள், அவ்வளவுதான். காரைப் போர்ஷேயின் முதுகோடு ஒட்டாமல், சட்டப்படி இடைவெளி விட்டு, இடப்பக்கம் அவன் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓட்டிவந்தாள். வேலியோரம் கிளப்பின் பாதிக் குடும்பம் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வலது இண்டிகேட்டர் எரிந்தது. டிக், டிக், டிக். அவன் புல்லோரமாக ஒதுங்கினான்.

அவள் தாண்டினாள். அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் முன்சீட்டைப் பார்த்தேன். வால்பூர்கா கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் எல்மர் இளித்துக்கொண்டே வந்தான். "நல்ல டயர்தான் போட்டுக் குடுத்திருக்காரு பெர்ட்டோல்டு…"

வால்பூர்கா அவன் முன்னால் போய் நின்றார். "பச்சைக் காரை யாருடா ஓட்டினது?"

"அம்மா, அது எந்தக் காலத்துக் கதை…"

"யாருடா ஓட்டினது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் ட்ரூடலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடையோடு இருபது பேர் நெருங்கி வந்தார்கள்.

"நான்தான்" என்றான்.

"உங்கப்பா கேக்கணும்டா அதை" என்றார் வால்பூர்கா. குரல் உடைந்துவிட்டது. "அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தப்புறம் என்கிட்ட சொல்லி என்னடா பிரயோசனம்?"

ஒட்டிலி டிக்கியைத் திறந்து, வலைக்குள் கட்டி வைத்திருந்த மீன் ஜாடியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இது உன்னோடது. இருபத்திரண்டு வருஷம் நான் பத்திரமா வச்சிருந்தேன்."

"ஒட்டி, என்னை மன்னிச்சு…"

"மாட்டேன்" என்றாள். "கேக் ஆறுது. வாங்கம்மா."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நவம்பரில் குளிர்கால டயர் மாற்ற வந்தாள். சாவியைக் கொடுத்தாள், கூடவே என் மேசையில் இன்னொரு மீன் ஜாடியை வைத்தாள்.

"முதல் ஜாடியை என் வாசல்ல வச்சது யாரு பெர்ட்டோல்டு?"

"விடும்மா. அது ஏதோ வேடிக்கைக்கு…"

"எல்மர் சொல்ல இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. நீங்க எவ்வளவு எடுத்துப்பீங்க?"

பட்டறையில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் வச்சேன்" என்றேன். "அந்தப் பேரும் நான் வச்சதுதான்."

"ம்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டயரை மாத்துங்க. நாலு மணிக்கு ஒரு வீட்டுல கட்டுப் பிரிக்கணும்."