ஒரு புல்லருக்கான விண்ணப்பம்

பொதுக் கருவிக் களஞ்சியத்தின் ஒழுங்குவிதிகளில் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "களஞ்சியத்திலுள்ள எந்தக் கருவியையும் பிரதேசத்தில் வசிக்கும் எவரும் எழுத்துமூலம் விண்ணப்பித்து இரவல் பெறலாம். விண்ணப்பம் கிடைத்துப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அளிக்கப்படல் வேண்டும்." நல்ல விதி. சுருக்கமானது, தெளிவானது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். இவ்வளவு தெளிவாக ஒரு விதி இருந்தால் அதை யாரும் வாசித்ததில்லை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் களஞ்சியம் உள்நாட்டுச் சண்டை முடிந்த பின் ஏதோ ஒரு திட்டத்தில் வந்தது. மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து, அதன்மேல் கருவியை மாட்டியிருக்கிறார்கள். எது வெளியே போயிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்த அளவில் எதுவும் வெளியே போனதில்லை. அங்கே, எண்ணெய்த் தாள் கூடப் பிரிக்காமல், எனக்கு வேண்டிய சாமான் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் காந்தச் சக்கரத்தை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் புல்லர்.

என்னுடையது பழைய தொண்ணூறு சீசீ மோட்டார் சைக்கிள். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் அரசாங்கக் கடனில் எடுத்தது. அதன் பின் எஞ்சினை நான் தவிர வேறு யாரும் திறந்ததில்லை. தவக்காலம் தொடங்கிய கிழமை, அரிப்புக் கிராமத்திலிருந்து திரும்பி வரும்போது, தீவுக்குள் நுழையும் தாம்போதியின் நடுவில் அது நின்றுவிட்டது. இருபக்கமும் கடல், எதிர்க்காற்று. வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி இல்லை. காந்தச் சக்கரத்துக்குள்ளே இருக்கும் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், அது செத்துவிட்டது. உப்புக் காற்றில் இத்தனை வருடம் உயிரோடு இருந்ததே பெரிது.

காயில் மாற்றுவது அரை மணித்தியால வேலை. ஆனால் அதற்கு முன்னால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரம் கூம்பான அச்சில் துருவோடு இறுகி உட்கார்ந்திருந்தது. ஊரிலுள்ள கராஜ்களில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. இருபக்கமும் திருப்புளி கொடுத்து நெம்பிக்கொண்டு அச்சு முனையில் சுத்தியலால் அடிப்பார்கள். சக்கரம் வரும். அதோடு எஞ்சினின் மிச்ச ஆயுளும் வந்துவிடும். கொழும்பில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். தனிப் புல்லர் விற்பதில்லை, முழுத் தொகுதியாகத்தான் தருவோம், அதையும் வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வைத்தேன். என் ஓய்வூதியத்தில் அப்படி ஒரு செலவுத் தலைப்பு இல்லை.

ஆகவே விண்ணப்பித்தேன். மூலம் ஒன்று, பிரதி ஒன்று, ஏழாம் பிரிவைச் சுட்டிக்காட்டி.

அவசரம் மோட்டார் சைக்கிளுக்கு அல்ல. அரிப்பில் என் அண்ணன் இருக்கிறார். சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அண்ணி இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் காலமான பிறகு பக்கத்து வீட்டுப் பெண் சமைத்துக் கொடுக்கிறாள். குளிப்பாட்ட, சவரம் செய்ய, படுக்கை விரிப்பை மாற்ற வாரத்தில் மூன்று நாள் நான் போவேன். வேறு யாரும் கத்தியோடு அவருக்குக் கிட்டப் போக முடியாது. அவருடைய மகள் வவுனியாவில் ஆசிரியை. நத்தார் பண்டிகைக்கு வந்திருந்தபோது தெளிவாகவே சொன்னாள்.

"சித்தப்பா, நீங்கள் ஒழுங்கா வாறபடியால்தான் அப்பாவை இங்க விட்டிருக்கிறன். அது நிண்டால் அடுத்த லீவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அண்ணனுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். "அங்க ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்," என்பார். "சுவரைப் பார்க்கவோ நான் இவ்வளவு காலம் மூச்சுப் பிடிச்சனான்?"

முதலாம் தவணை விடுமுறை உயிர்த்த ஞாயிறை ஒட்டி வருகிறது. அதற்குள் வண்டி ஓட வேண்டும்.

பதினான்கு நாள் முடிந்த மறுநாள் களஞ்சியத்துக்குப் போனேன். பொறுப்பாளர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மின்விசிறிக்கு நேரே இருந்தார்.

"சேர், அந்தா தொங்குது. எனக்கும் கண் தெரியும்," என்றார். "ஆனால் குழு கூடி முடிவெடுக்கவேணும்."

"எப்ப கூடும்?"

"கோரத்துக்கு ஆள் வந்தால் கூடும்."

"எத்தனை பேர் வந்தால் கோரம்?"

"அதைத்தான் போன கூட்டத்தில தீர்மானிக்க இருந்தது. கோரம் வரேல்லை."

மேன்முறையீடு யாருக்கு, எந்தப் படிவத்தில் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த மேன்முறையீட்டை விசாரிப்பதும் இதே குழுதான் என்பதும் தெரியும். வெளியே வந்து பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள லேத் கடைக்கு நடந்தேன்.

லேத் கடையில் நாள் முழுக்க வள்ளத்து எஞ்சின் வேலைதான். வாசல் நிழலில் வழக்கம்போல இரண்டு கழுதைகள் நின்றன. கடைக்காரரிடம் நான் முந்தைய இரவே வரைந்து வைத்திருந்த படத்தைக் கொடுத்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், அளவுகள் எல்லாம் இருந்தன. வெளிப்புரி இருபத்தேழு மில்லிமீற்றர், இடப்புரி என்று அடிக்கோடிட்டிருந்தேன். வழக்கமான புரி வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இது இடப்பக்கம் சுற்றினால் இறுகும். அவர் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா கந்தோரில இருந்தனீங்களோ?"

"ஓம்."

"தெரியுது. படத்துக்குக் கையெழுத்தும் திகதியும் போட்டிருக்கிறியள்."

படத்தைச் சுவர் ஆணியில் குத்திவிட்டு, சனிக்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் தந்தது அழகான சாமான். தடித்த இரும்புத் தட்டு, மூன்று துளை, நடுவில் ஒரு பெரிய போல்ட். பளபளவென்று கடைந்திருந்தார். வள்ளத்து எஞ்சினின் சக்கரத்தை அப்படித்தான் கழற்றுவார்கள், மூன்று போல்ட்டில் பிடித்து. இந்தக் கரையில் சக்கரம் கழற்றுகிற சாமான் என்றால் அது ஒன்றுதான். அவருடைய கை படத்தைக் கேட்கவில்லை, தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

"இது வள்ளத்து எஞ்சினுக்கு," என்றேன்.

"ஓம் ஐயா. நல்லா இழுக்கும்."

"என்னட்டை வள்ளம் இல்லை."

"மன்னாரில வள்ளம் இல்லாத ஆம்பிளை நீங்கள் ஒருத்தர்தான்."

படத்தை ஆணியிலிருந்து எடுத்து மறுபடி விளங்கப்படுத்தினேன். ஓம், ஓம் என்றார். அடுத்த முறை தந்தது உண்மையிலேயே நான் கேட்ட உருவம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தில் வைத்துச் சுற்றினால் ஏறவில்லை. வலப்புரி வெட்டியிருந்தார். திரும்பக் கொண்டுபோய் அடிக்கோட்டைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் சளைக்கவில்லை.

"இடம்புரிச் சங்கை ஆரும் காசு குடுத்து வாங்குறவையோ ஐயா? வலம்புரிதான் விலை. நான் விலைப்பட்டதையே வெட்டித் தந்திருக்கிறன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவரும் இருமல் வரும்வரை சிரித்தார்.

"அவன் சொன்னது சரிதானே தம்பி. ஆயுசு முழுக்கக் கடலைக் கிண்டியும் எனக்கு ஒரு வலம்புரி கிடைக்கேல்லை. உனக்குக் கடையில நிண்டே கிடைச்சிட்டுது." பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "தாடி கடிக்குது. எப்ப வாறாய்?"

"பஸ்ஸில வாறன்."

பஸ்ஸில் போகத்தான் செய்தேன். அது போய்ச் சேரும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் இடையில் ஒரு மனிதனைத் தூக்கி உட்காரவைக்கலாம். குளிப்பாட்டித் துடைத்து மறுபடி படுக்க வைக்க முடியாது. ஒருமுறை அரைக் குளிப்போடு விட்டுவிட்டு ஓடினேன். அடுத்தமுறை பஸ்ஸே வழியில் வங்காலையில் நின்றுவிட்டது. அந்தக் கிழமை அண்ணனின் மகள் வவுனியாவிலிருந்து அழைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். மகள் கோபப்படவில்லை. எனக்குத் தேவையான காயில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, தானே வாங்கி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள். கூடவே, "நான் பின் அறையை அப்பாவுக்கு ஒழுங்குபடுத்திறன் சித்தப்பா," என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவளால் முடிந்தது.

மூன்றாவது தடவை லேத் கடைக்குப் படம் கொண்டு போகவில்லை. சைக்கிளில் இடதுபக்கப் பெடல் இடப்புரியில்தான் பூட்டியிருக்கும். மனைவியின் சைக்கிளிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசையில் வைத்தேன்.

"இந்தப் பக்கம் சுத்துறமாதிரி."

அவர் பெடலை எடுத்து ஒரு நட்டில் விட்டுச் சுற்றிப் பார்த்தார். "இதை முதலே கொண்டந்திருக்கலாமே," என்றார். லேத்தின் பற்சக்கரங்களை மாற்றிப் பூட்டத் தொடங்கினார். முடியும்வரை பக்கத்திலேயே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். கடைந்த இரும்பின் சூடு ஆறுமுன்பே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி ஒற்றைப் பெடல் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இஞ்சருங்கோ, ஒண்டைத் திருத்த ஒண்டை உடைக்கிறதுதான் உங்கட கச்சேரியிலும் நடைமுறையோ?"

"மோட்டார் சைக்கிளில ஏறி இருந்து பின் பிரேக்கை மிதியும்," என்றேன்.

கியரில் போட்டு யாராவது பிரேக்கை மிதித்தால்தான் எஞ்சின் சுழலாமல் நிற்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து மிதித்தார். புல்லர் ஏறியது, இடப்பக்கம் சுற்றச் சுற்ற, இறுதிவரை. நடுப் போல்ட்டை இறுக்கினேன். சக்கரம் அசையவில்லை. போல்ட் தலையில் தட்டினேன், மறுபடி இறுக்கினேன். என் முதுகு இளகியதே தவிர சக்கரம் இளகவில்லை. அது வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது. இறுக்கத்தோடு அப்படியே விட்டுவிட்டு இருவரும் போனோம். பதினான்கு தலத்திலும் முழங்காலில் இருந்து எழும்பும்போது அந்தப் போல்ட்டைத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்து தொட்டபோது சக்கரம் கையில் ஆடியது. நாங்கள் இல்லாத நேரத்தில், எந்தச் சாட்சியும் இல்லாமல், தானாக விட்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்குக் குளித்துவிட்டுப் படுக்க வேண்டும் போல்தான் இருந்தது.

காயிலைப் பூட்டி, பொறிக்கான பிளாட்டின முனைகளைச் சரிபார்த்து, வண்டி உதைத்துக் கிளம்ப அடுத்த புதன்கிழமை ஆகிவிட்டது. பெரிய வெள்ளிக்கு முந்திய நாள், வியாழன் விடிய, அரிப்புக்குப் போனேன். அண்ணனின் தாடி கத்திக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்திருந்தது. முதலில் கத்தரியால் வெட்டி, பிறகு சோப்புப் போட்டு வழித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தந்தார். குளிப்பாட்டி, புது விரிப்புப் போட்டு, அவரைச் சாய்த்து வைத்தபோது வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது.

மகள் உள்ளே வந்தாள். தகப்பனைப் பார்த்தாள், விரிப்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள், முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மோட்டார் சைக்கிள் ஓடுதோ சித்தப்பா?"

"ஓடித்தான் வந்தனான்."

"திரும்ப நிண்டால்?"

பையிலிருந்து புல்லரை எடுத்துக் காட்டினேன். இனி நின்றால் அன்றைக்கே கழற்றலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றேன். அண்ணன் கையை நீட்டி அதை வாங்கினார். சங்கைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடம்புரி," என்றார். "விலை போகாது. நீயே வச்சிரு."

மகள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இப்ப எத்தனை வயசு சித்தப்பா?"

"ஓய்வுபெற்ற வயசு."

அவள் கதவு நிலையில் சாய்ந்து கடலைப் பார்த்தாள். அவளும் களைத்திருந்தாள். வவுனியாவிலிருந்து விடியப் புறப்பட்டு வந்தவள். "ஆவணி லீவு வரைக்கும் பாப்பம்," என்றாள் கடைசியில். "அதுக்குப் பிறகு கதைப்பம்." வானில் கொண்டுவந்த மெத்தையை இறக்கி, பழையதை எடுத்துவிட்டு அண்ணனுக்கு அதைப் போடச் சொன்னாள். நாங்கள் இருவரும் அவரைத் தூக்கினோம். அவர் இருவரையும் திட்டினார்.

மத்தியானம் தாம்போதியில் திரும்பி வரும்போது எஞ்சின் ஒரு குறையும் சொல்லவில்லை. சனிக்கிழமை மறுபடி போக வேண்டும், பிறகு செவ்வாய், பிறகு வியாழன். நான் வென்றது அதைத்தான்.

வீட்டு மேசையில் ஒரு நீளமான உறை இருந்தது. களஞ்சியத்தின் முத்திரை. உள்ளே ஒரே வாக்கியம்: "தங்கள் விண்ணப்பம் குழுவின் கவனத்திற்குக் கொண்டுவரப்படவுள்ளது என்பதை இத்தால் அறியத்தருகின்றேன்." பதினான்கு நாள் கணக்கை விட்டால் குறை சொல்ல முடியாத கடிதம். ஏழாம் பிரிவு பதிலைத்தான் கேட்கிறது, கருவியை அல்ல.

வந்த கடிதத்தின் மூலையில் கிடைத்த திகதியைக் குறிப்பது என் பழக்கம். பேனையை எடுத்தேன். கலண்டர் எதிர்ச் சுவரில் தொங்கியது, எழும்பிப் போய்ப் பார்க்க முதுகு விடவில்லை. தெரிந்ததை எழுதினேன்: கிடைத்தது, பெரிய வியாழன்.