தவசி மாமாவின் பொள்ளாச்சிப் பண்ணை

பரளச்சி வட்டாரத்தில் கிழட்டு மாட்டை விற்க நினைப்பவர்கள் தவசி மாமாவுக்குத்தான் போன் போடுவார்கள். கறிக் கம்பெனிக்கு மாடு பிடித்துக் கொடுக்கும் தரகர் அவர். இருபது வருடத் தொழிலில் ‘கறி’ என்ற சொல்லை மட்டும் உழுது பிழைக்கும் எந்தச் சம்சாரியும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. “பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணை. வளர்ப்புக்குப் போகுது” என்பார். அவர் அனுப்பிய மாடுகளையெல்லாம் வளர்ப்பதென்றால் அந்தப் பண்ணை திருச்சுழி தாலுகாவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். போய்ப் பார்க்க யாரும் ஆசைப்பட்டதில்லை.

எங்கள் செவலைக் காளையை ஏரில் பூட்டுவதை விட்டு மூன்று வருடமாகிறது. அதை விற்றுச் சினைக் கிடாரி வாங்கிச் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். கிடாரிக்காரர் முப்பதாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

தவசி மாமா வந்து காளையின் தொடையை அமுக்கிப் பார்த்தார். வளர்க்கப்போகிற மாட்டுக்குத் தொடை எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

“இருபத்தாறு, அக்கா.”

நான் செல்போனை நீட்டினேன். “மாமா, காரியாபட்டி எடைமேடையில கம்பெனிக்காரங்களே கிலோ தொண்ணூறுக்கு எடுக்காங்க. இது முந்நூத்தம்பது கிலோ இருக்கும்.”

“பி.காம் படிச்சது வீண் போகல மாப்ள. அங்க முப்பத்தொண்ணு கெடைக்கும். ஆனா வெட்டுக்குத்தான் விக்கிறேன்னு கையெழுத்துப் போடணும். ஒங்கம்மாவப் போடச் சொல்லு பாப்போம்.”

இவர் சம்சாரிகளை ஏமாற்றுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஐந்தாயிரம் பொய்க்கான கூலி. அதை விரும்பிக் கொடுப்பவர்கள் நாங்கள்.

“எனக்கு முப்பதும் வேணும். மாடு வளர்ப்புக்கும் போகணும்” என்றார் அம்மா.

“அப்ப நீங்க எலெக்‌ஷன்லதான் நிக்கணும், அக்கா” என்று சொல்லிவிட்டு மாமா பைக்கை உதைத்தார்.

மறுநாள் அம்மா, “நீயே கொண்டு போப்பா. எங்க போறன்னு எங்கிட்டச் சொல்லாத” என்றார்.

எடைமேடையில் யாரும் பண்ணையைப் பற்றிப் பேசவில்லை. தாளை நீட்டினார்கள், போட்டேன். பட்டம் வாங்கியபின் நான் கையெழுத்திட்ட முதல் அலுவல் காகிதம் அதுதான். பணத்தை எண்ணிப் பையில் வைத்தேன்.

வீட்டில் அம்மாவோடு பக்கத்து வீட்டுச் சரஸ்வதி சின்னம்மாவும் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோராயிரத்தை வாங்கி முடிந்துகொண்டு, “யாரு புடிச்சா?” என்று அம்மா சத்தமாகக் கேட்டார்.

“பொள்ளாச்சிப் பண்ணைக்காரங்கம்மா. பச்சைப் புல்லா கெடக்காம் அங்க.”

புல்லைப் பற்றி என்னை யார் கேட்டார்கள்?

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, பொய்ய ஓசியில சொல்லிட்டு வந்துட்டியாம்ல? எனக்குத் தாரேன்னு சொன்ன மாட்டச் சரஸ்வதி அக்கா இப்ப ஒங்கிட்டத் தரப்போறாகளாம். தொழிலக் கெடுக்காத. நீயும் அஞ்சாயிரம் கேளு.”

சின்னம்மா நாளைக் காலையில் மாட்டோடு வருவார். கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.