தாகேதாவுக்குக் கொண்டுபோன கேசட்: கிட்டார் செல்லையாவைத் தேடி ஒரு பயணம்

ஒரே ஒரு கேசட்டைக் கொடுக்க ரங்கூன் வரைக்கும் போவாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். போவேன் என்றேன். மழை ஓய்ந்த நவம்பரில் பாங்காக்கில் விமானம் மாறி யாங்கோன் போய் இறங்கிவிட்டேன். நமக்கு அது இன்னும் ரங்கூன்தான்.

அப்பா பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டவர். கடையில் எந்நேரமும் ஓடியது அவருடைய ரங்கூன் சிநேகிதர் செல்லையாவின் பாட்டு. ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரிடம் செல்லையாவே கொடுத்தனுப்பிய கேசட் அது. பழைய ரேடியோப் பெட்டியை ஆம்ப்ளிஃபயராக்கி, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, அங்குள்ள நம் ஜனங்களில் முதல் ஆளாக ராக் அண்ட் ரோல் வாசித்த மனுஷன். கோயில் திருவிழாவில் வாசித்து தர்மகர்த்தாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். மறுவருஷம் கூட்டம் சேரவில்லை என்று அதே தர்மகர்த்தா ஆள் விட்டுக் கூப்பிட்டாராம்!

மகள் தனம் வயிற்றில் இருக்கும்போதே செல்லையாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. அதற்கப்புறம் அடுத்தவர் பாட்டுக்கு ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்தே குடும்பம் நடத்தினார். புது கேசட் லேசில் கிடைக்காத காலம். வீட்டில் இருந்தவற்றின் மேலேயே ஒத்திகையைப் பதிந்து பதிந்து, தான் பாடியதையெல்லாம் தானே அழித்துவிட்டார். போன வருஷம் காலமானார். முகநூலில் நான் போட்ட கேசட் படத்தைப் பார்த்துவிட்டுத் தனம் பேசி அனுப்பினாள். "எங்கப்பா குரலை நான் கேட்டதே இல்லக்கா."

போனில் பதிந்து அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். நானும் கேட்டேன். அப்பா உட்கார்ந்த மேசையில் வைத்துத்தான் கேட்பேன் என்று ஒரே பிடிவாதம். சரி, நானும் அப்பா பிள்ளைதானே.

தனம் இருக்கும் தாகேதா, நகரத்தின் நடுவிலிருந்து எட்டு கிலோமீட்டர். டாக்ஸிக்குப் பன்னிரண்டாயிரம் க்யாட். ஓட்டியவர் கோ முருகன் (கோ என்றால் அங்கே அண்ணன் மாதிரி), தமிழை யோசித்து யோசித்துப் பேசும் இளைஞர். "சா பீபிலா அக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். செல்லையாவைத் தெரியுமா என்றேன். தெரியாதாம். நான் கேசட்டில் வரும் கிட்டார் மெட்டை வாயால் வாசித்துக் காட்ட, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு மீதியை அவரே முடித்தார்.

"இது பர்மாப் பாட்டுக்கா. என் கல்யாணத்துல கூடப் போட்டாங்க."

"வாசிச்சது யாரு?"

"அது யாருக்குத் தெரியும்?"

எனக்கு வந்ததே கோபம்! செல்லையா தன் மெட்டைத்தான் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துக் கொடுத்திருக்கிறார். ஊரே முணுமுணுக்கிறது, கேசட் உறையில் அந்த மனுஷன் பேரைப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. "இறங்கி உள்ள வாங்க, யாருன்னு காட்டறேன்" என்றேன். பாவம், வீடு வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு ஓடாது. டாலர் நோட்டில் ஒரு மடிப்பு இருந்தாலும் வாங்க மாட்டார்கள். புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். நிலவரத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள், இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கரண்ட் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நான் மூர் மார்க்கெட்டில் வாங்கிய டேப் ரெக்கார்டரோடு பேட்டரியும் எடுத்துப் போனது என் புண்ணியம்.

தனம் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது தாண்டிய பெண், தனகா மரப்பட்டைக் குழம்பு பூசிய கன்னம், சிரித்த முகம். உள்ளே சுவரில் கிட்டார், அதன் கீழே பலகை மேசை. அதன் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"அப்பாவுக்குப் பேச்சு இல்லையா, இதுல மூணு தட்டு தட்டுவாங்க. சோறுன்னாலும் மூணு, தண்ணின்னாலும் மூணு. நான் எங்க இருந்தாலும் ஓடியாந்துருவேன்" என்றாள்.

ரெக்கார்டரை மேசையில் வைத்தேன். "மீ போயிருச்சு" என்று விளக்கைக் காட்டினாள். அங்கே நம்மவர்களுக்கும் கரண்ட் என்றால் மீதான். பேட்டரி இருக்கிறது என்றேன். "ஹோக்கே" என்று தலையாட்டியவள் கேசட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "இருங்கக்கா, டீ போட்டுட்டு வந்துடறேன்." பயம். எனக்கும்தான். நாடா அறுந்தால் என்ன செய்வேன்?

அவள் வருவதற்குள் ஓடுகிறதா பார்க்கலாம் என்று முதலிலிருந்து ஓட விட்டேன். கடையில் ஆரம்ப இரைச்சலைத் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குத்தான் போவோம். இத்தனை வருஷத்தில் அந்த முன்பகுதியை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

இரைச்சல். யாரோ இருமினார்கள். அப்புறம் பாட்டுக்குத் தாளம் எடுத்துக் கொடுக்க, கட்டையில் தட்டும் சத்தம். டக், டக், டக்.

"இந்தா வந்துட்டேன்ப்பா!"

அடுப்படியிலிருந்து தனம் ஓடி வந்தாள். கையில் கரண்டி. மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டாள். கோ முருகன் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதற்கப்புறம்தான் செல்லையா பாட ஆரம்பித்தார்.